தட்டானைக் கொஞ்சியவன்

விடியற்காலை. பனி கொட்டுகிறது. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத ஒருவன், மாமனார் ஊர் வயல் வரப்பில் குப்புறப் படுத்திருக்கிறான். தலை ஒரு கறுப்புத் துணிக்குள். பின்பக்கம் வானத்தைப் பார்த்தபடி. துணிக்குள்ளிருந்து, "அப்படியே இரு கண்ணு, அசையாதே" என்று கொஞ்சல் கேட்கிறது.

நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? என் மைத்துனர் ஏழுமலையும் அதையேதான் நினைத்தார்.

ஏழுமலை என் மனைவிக்கு அண்ணன். நல்ல உயரம், கரும்பு வெட்டிப் பழகிய கை. அவர் வரப்புக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் குனிந்து நின்று, என் பேச்சை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கொஞ்சம் அடக்கமாகப் பேசியிருப்பேன்.

நான் பேசியது இதுதான்: "திரும்பாதேடி தங்கம். உன் முதுகு இருக்கே, அடடா! இப்படி நனைஞ்சு நிக்கிறியே, குளிரலையா உனக்கு? இதோ, ஒரே நிமிஷம். அப்புறம் நீ உன் வழி, நான் என் வழி."

கடைசி வாக்கியத்தைத்தான் மச்சானால் பொறுக்க முடியவில்லையாம். வெகுநாள் கழித்து அவரே சொன்னார். "அதுவரைக்கும் பல்லக் கடிச்சிகினுதான் நின்னேன் மாப்ள. ஆனா ஒரு பொண்ணாண்ட அப்பிடிச் சொல்லலாமா?"

துணி பறந்தது. என் தலைமுடியும் கொஞ்சம் கூடவே போனது. கையில் கம்போடு மச்சான் நின்றார். வரப்பில் நானும், மூன்று கால்களையும் பரப்பிவைத்த ஒரு பெட்டியும் மட்டும்தான் இருந்தோம்.

"எங்கடா அவ?"

கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னை "டா" போட்டது அதுதான் முதல் தடவை.

"எவ?"

"இப்பப் பேசிகினு இருந்தியே, அவ!"

நான் புல்லைப் பார்த்தேன். கோரைப்புல் நுனி வெறுமையாக ஆடிக்கொண்டிருந்தது.

"பறந்து போச்சு மச்சான்" என்றேன்.

பொய் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். உண்மையைச் சொன்னதால் மச்சான் பக்கத்துக் கரும்புக்கொல்லைக்குள் பாய்ந்தார். வெயில் ஏறும்வரை, பறந்து போன அந்தப் பெண்ணை அதற்குள் தேடினார். கரும்புத் தோகை அவர் முகத்தையும் கையையும் கிழித்துவிட்டது. அவர் வெளியே வந்த கோலத்தைப் பார்த்த ஊர், நாங்கள் இருவரும் கட்டிப் புரண்டதாக முடிவு செய்துகொண்டது.

முசே விட்டுப்போன பெட்டி

இந்த அவமானத்துக்கு மூலகாரணம் ஒரு பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் அவர் எனக்கு மேலதிகாரி; நாங்கள் 'முசே' என்றுதான் கூப்பிடுவோம், பிரெஞ்சில் ஐயா. அணை, மதகு, வாய்க்கால் வரைபடங்களை மெல்லிய தாளில் நகலெடுப்பது என் வேலை. முசே சீமைக்குக் கப்பல் ஏறும்போது, கூடக் கொண்டுபோக முடியாத சாமான்களை ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டுப் போனார். ஒருவருக்குக் குடை வந்தது, இன்னொருவருக்குக் கிளி. எனக்கு வந்தது ஒரு பழைய காமிரா.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் காமிரா அல்ல. மரப்பெட்டி. முன்னால் கண்ணாடி வில்லை, நடுவே கொல்லன் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாகத் தோல், பின்னால் மங்கலாகத் தேய்த்த கண்ணாடி. கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு அந்தக் கண்ணாடியைப் பார்த்தால் எதிரே இருப்பதெல்லாம் தலைகீழாகத் தெரியும். உருவம் தெளிவாக விழுந்ததும் கண்ணாடியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மருந்து தடவிய கண்ணாடித் தகட்டைச் செருக வேண்டும். பிறகு மூடியைத் திறந்து, எண்ணி, மூட வேண்டும். இத்தனைக்கும் நடுவில் எதிரே இருப்பவர் அசையக்கூடாது.

முதலில் மனிதர்களைத்தான் எடுத்தேன். மனிதர்களிடம் ஒரு சிக்கல் உண்டு. எடுத்த பிறகு படத்தைக் கேட்பார்கள். வில்லியனூரில் என் தாய்மாமனை மூன்று முறை எடுத்தேன். முதல் படத்தில் அவருக்குத் தலை இல்லை. இரண்டாவதில் தலை இரண்டு. மூன்றாவதைப் பார்த்துவிட்டு அவர் என் அப்பாவிடம், "உன் புள்ளைக்கு என்மேல இன்னா கோவம்?" என்று கேட்டார்.

பூச்சிகள் அப்படிக் கேட்பதில்லை. நான் பூச்சிகளிடம் போன கதையின் சாரம் அவ்வளவுதான். கலை, இயற்கை என்றெல்லாம் பிற்காலத்தில் நண்பர்களிடம் அளந்திருக்கிறேன். அவர்கள் மன்னிக்க வேண்டும்.

வெளிச்சமும் பூச்சியும்

இருந்தாலும், ஒரு காலையை மட்டும் பொய்யென்று தள்ளிவிட முடியாது.

ஐரோப்பாவில் சண்டை வரப்போகிறது என்று அலுவலகத்தில் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த காலம். பாகூர் ஏரி வாய்க்கால்களைப் பார்த்து வரைபடத்தைத் திருத்த வேண்டுமென்று என்னை அனுப்பினார்கள். மாமனார் வீடு அபிஷேகப்பாக்கத்தில். அங்கேயே தங்கிக்கொண்டு தினமும் சைக்கிளில் பாகூர் போய்வந்தேன். மார்கழி பிறந்திருந்தது. சம்பா நெல் பால் பிடித்து நின்றது.

ஒருநாள் சங்கிலி கழன்றுவிட்டது. வரப்போரம் குந்தி அதை மாட்டிக்கொண்டிருந்தபோது மூக்குக்கு நேரே, கோரைப்புல்லில், ஒரு தட்டான் உட்கார்ந்திருந்தது. இறக்கை, வால், கால்மயிர் எல்லாவற்றிலும் பனி. யாரோ பொறுமையாக உட்கார்ந்து ஊசிமுனையால் ஒவ்வொரு துளியாக ஒட்டவைத்தது போலிருந்தது. விரலால் தொடப் போனேன். அது நகரவில்லை. குளிரில் விறைத்துப்போய், உயிருள்ள நகை மாதிரி புல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது.

நான் சங்கிலியை மறந்தேன். அன்று வேலைக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினேன்.

துருத்தியை முழுசாக இழுத்து, வில்லையைப் பூச்சிக்கு வெகு அருகில் கொண்டுபோனால், மறுபக்கம் கண்ணாடியில் பூச்சி அதன் அளவிலேயே விழும். இன்னும் பெரிதாக விழவேண்டுமென்று ஒரு பிஸ்கோத்து டின்னை வெட்டி, உள்ளே கரி பூசி, வில்லைக்கும் பெட்டிக்கும் நடுவே பொருத்தினேன். என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன். மறுநாள் டின்னில் மிச்சமிருந்த சர்க்கரைக்கு எறும்பு வந்து, வில்லைக்குள் குடும்பம் நடத்தியது.

எறும்பை விரட்டிவிடலாம். விரட்ட முடியாத தொல்லை ஒன்று இருந்தது. இருட்டில் பூச்சி அசையாமல் இருக்கும், ஆனால் படமெடுக்க வெளிச்சம் போதாது. வெளிச்சம் வந்ததும் பனி காயும், உடம்பில் சூடேறும், பூச்சி பறந்துவிடும். இரண்டுக்கும் நடுவே கொஞ்ச நேரம்தான் நமக்கு. அந்தக் கொஞ்ச நேரத்தில் காற்று அடிக்கக்கூடாது, மாடு வரக்கூடாது, எனக்குத் தும்மல் வரக்கூடாது. மூன்றும் தினமும் வந்தன.

எந்த நாட்டுப் பூச்சி?

எங்கள் பக்கத்து நிலத்தின் அமைப்பு வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. பிரெஞ்சு வயலும் இங்கிலீஷ் வயலும் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும். நடுவில் ஒரு கல். நெல்லுக்குத் தெரியாது, தவளைக்குத் தெரியாது. சுங்கக் காவலருக்கு மட்டும் தெரியும்.

ஒருநாள் விடியலில், தலை பிரெஞ்சு மண்ணிலும் கால் இங்கிலீஷ் மண்ணிலுமாக நான் படுத்திருந்தபோது, அந்தப் பக்கத்துக் காவலர் ஒருவர் என் காலைப் பிடித்து இழுத்தார்.

"பொட்டில இன்னா?"

"காமிரா."

"எதப் புடிக்கிற?"

"பூச்சி."

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு கடமை ஞாபகம் வந்து, பெட்டியைச் சோதனை போடவேண்டும் என்றார். ஒளி படாமல் நான் கட்டிக் காத்து வைத்திருந்த தகட்டுறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, தகட்டை வானத்துக்கு எதிரே பிடித்து, தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, திரும்ப என்னிடமே கொடுத்தார்.

"ஒண்ணும் இல்லியேப்பா" என்றார் ஏமாற்றத்தோடு.

"இப்ப இல்லதான்" என்றேன்.

ஒரு வார்த்தையால் வந்த வினை

விடிவதற்குள் எழுந்து நான் எங்கே போகிறேன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையை எப்படிக் கேட்பது? அத்தை வாசலில் சாணம் கரைத்துத் தெளிக்கும்போது நான் கறுப்புத் துணியைச் சுற்றிக்கொண்டு வெளியேறுவேன். அவர் தலையை நிமிர்த்தாமல் தெளிப்பார். பாதி என்மேல் விழும். தவறுதலாக விழுகிறது என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

என் மனைவி பெயர் தனபாக்கியம். வீட்டில் தனம். கல்யாணமாகி அதுவரை அவள் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு தபால் கார்டு நிரம்பாது. சாப்பிட வாங்க, தண்ணி வெளாவி வச்சிருக்கு, விளக்க அணைச்சிடட்டுமா. நானும் பெரிய பேச்சுக்காரன் இல்லை, பூச்சிகளிடம் தவிர.

அவள் ஒரே ஒருமுறை கேட்டாள். "இவ்ளோ காலைல எங்க போறீங்க?"

"தட்டானைப் பாக்க" என்றேன்.

முழுசாகச் சொல்லியிருக்கலாம். தட்டாம்பூச்சி என்று மூன்று எழுத்துக் கூடச் சேர்த்திருந்தால் இந்த அத்தியாயமே இருந்திருக்காது. எங்கள் பக்கத்தில் நகை செய்கிறவரையும் தட்டான் என்றுதான் சொல்வார்கள். மாப்பிள்ளை விடியற்காலை இருட்டில், துணியால் மூடிய பெட்டியோடு, யாருக்கும் சொல்லாமல் நகை செய்கிறவரைப் பார்க்கப் போகிறார். தனம் இதைத் தன் அம்மாவிடம் சொன்னாள். அத்தை மகளின் நகைப்பெட்டியைத் திறந்து பார்த்தார். எல்லாம் இருந்தன. அது அவருக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. நகை குறையவில்லையென்றால், மாப்பிள்ளை வேறு யாருக்கோ புதிதாகச் செய்யச் சொல்கிறார்!

யாருக்கு?

அதைக் கண்டுபிடிக்கத்தான் ஏழுமலை வாய்க்காலில் இறங்கினார்.

கூடத்தில் விசாரணை

கரும்புக்கொல்லையிலிருந்து மச்சான் வெறுங்கையோடு திரும்பிய அன்று மத்தியானம், வீட்டுக் கூடத்தில் என்னை உட்காரவைத்தார்கள். மாமனார் கோவிந்தசாமி அதிர்ந்து பேசாத மனிதர். அன்றும் குரலை உயர்த்தவில்லை. வெற்றிலை போடுவதை மட்டும் நிறுத்தியிருந்தார். அந்த வீட்டில் அதுதான் பெரிய கோபம். தனம் உள்ளே கதவுக்குப் பின்னால் நின்றாள். கால் மட்டும் தெரிந்தது.

"பூச்சியப் படம் புடிக்கிறேன்னு சொல்றீங்களாம்" என்றார் மாமனார்.

"ஆமாம் மாமா."

"இத்தினி நாளா புடிச்சத எடுத்தாங்க."

இதைவிட அவர் என்னை ஏரியில் இறங்கச் சொல்லியிருக்கலாம்.

நெல் கொட்டும் அறையில் லாந்தருக்குச் சிவப்புக் காகிதம் சுற்றி, மருந்தில் கழுவி நான் காயவைத்திருந்த தகடுகளைக் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றாக வாங்கி வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தார். முதல் தகடு முழுக்க வெள்ளை. அடுத்தது முழுக்கக் கறுப்பு. இன்னொன்றில் அடுப்புப் புகை மாதிரி ஏதோ.

"இது?"

"வெட்டுக்கிளி மாமா. காத்து அடிச்சிடுச்சி."

"இது?"

அதில் ஓர் உருவம் மிகத் தெளிவாக இருந்தது. நான் கொஞ்சம் பெருமையோடு எட்டிப் பார்த்தேன். என் கால் கட்டைவிரல்.

மச்சான் கன்னத்துக் கீறலைத் தடவிக்கொண்டார். "நைனா, பூச்சியும் இல்ல ஒரு எழவும் இல்ல. இவரு நம்பள கேனையன்னு நெனச்சிகினாரு."

ஊரில் அதற்குள் பேச்சு பரவியிருந்தது. கிணற்றடியில் தனத்திடம் ஒருத்தி, "உன் வூட்டுக்காரரு யார்கிட்டயோ போறாராமே, உள்ளூரா வெளியூரா?" என்று கேட்டிருக்கிறாள். தனம் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டாளாம். இதை அத்தை சொல்லும்போது குரல் உடைந்தது. அதுவரை எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. அப்போது நின்றது.

மாமனார் தகடுகளைத் தரையில் வைத்தார். "நாளைக்குக் காலைல ஒரு படம் எடுங்க. தட்டாம்பூச்சின்னு எங்க எல்லாருக்கும் தெரியணும். தெரிஞ்சா, ஏழுமலை உங்க காலத் தொட்டு மன்னிப்புக் கேப்பான். தெரியலன்னா, வில்லியனூருக்கு ஆள் அனுப்புறேன். உங்க அப்பா வந்து உங்கள இட்டுகினு போவட்டும். தனம் இங்கயே இருக்கட்டும்."

தகடு ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நானும் கூடப் போறேன்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். என் மனைவிக்கு அவ்வளவு பலமான குரல் இருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

துணிக்குள் தனம்

மறுநாள் இருட்டிலேயே புறப்பட்டோம். நான் முன்னால் பெட்டியோடு. அவள் பின்னால், புடவைத் தலைப்பைத் தலைக்கு மேல் போர்த்திக்கொண்டு, காமிராவின் மூன்று கால்களையும் தோளில் சாத்திக்கொண்டு. நெல்வயலில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் இருந்தது.

தட்டானை முதலில் பார்த்தவள் அவள்தான். "இதானே?" என்று முட்டிபோட்டு உட்கார்ந்தாள். எனக்கு அதிர்ஷ்டம் அன்றைக்கென்று வந்திருந்தது. பெரிய தட்டான். காற்றே இல்லை. பனி அதன் இறக்கைகளைக் கனக்க வைத்திருந்தது.

காமிராவின் கால்களை நட்டேன். துருத்தியை இழுத்தேன். வரப்பில் படுத்து, துணியைப் போர்த்தி, மெல்ல மெல்ல நகர்த்தித் தெளிவாக்கினேன். கிழக்கே இன்னும் வெளிச்சம் போதவில்லை. காத்திருக்க வேண்டும்.

"பாக்கறியா?" என்று கேட்டேன். சும்மா, மரியாதைக்கு.

அவள் தயங்கவே இல்லை. சேற்றில் படுத்துத் துணிக்குள் தலையை விட்டாள்.

"எல்லாம் தலகீழா கீதே."

"அப்படித்தான் தெரியும்."

"மூஞ்சி கீழ தொங்குது. கண்ணு நாவப்பழம் மாதிரி." பிறகு, "இன்னாங்க, இந்தத் துளிக்குள்ள மட்டும் பனமரம் நேரா நிக்குது!"

நான் அவள் பக்கத்தில் படுத்துத் துணிக்குள் நுழைந்து பார்த்தேன். உண்மைதான். வயலும் வானமும் கண்ணாடியில் கவிழ்ந்து கிடக்க, தட்டானின் முதுகில் ஒட்டியிருந்த பெரிய துளிக்குள் மட்டும் ஒரு சின்னஞ்சிறு பனைமரம் நிமிர்ந்து நின்றது. துளி ஒருமுறை கவிழ்க்கிறது, பெட்டி மறுமுறை கவிழ்க்கிறது. காரணம் எனக்குத் தெரியும். ஆனால் அத்தனை நாள் வரப்பில் புரண்டும் அது என் கண்ணில் பட்டதில்லை. என் கவனமெல்லாம் தும்மலை அடக்குவதிலேயே போய்விட்டது.

வெளியே வந்தேன். கிழக்கு வெளுத்திருந்தது. இதுதான் நேரம்.

"தனம், போதும், வெளிய வா. தகடு போடணும்."

"இருங்க."

"வெயில் வந்துடும்."

"இருங்கன்றேன்ல."

அவள் கண்ணாடியை விட்டு நகர்ந்தால்தான் அந்த இடத்தில் நான் தகட்டைச் செருக முடியும். என் கையில் கடைசித் தகடு. பனைமரங்களின் உச்சியில் வெயில் விழுந்துவிட்டது. கண்முன்னே ஒவ்வொன்றாக வந்தது. அப்பா வில்லியனூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார். ஊர் வாசலில் கூடும். அலுவலகத்தில் சிரிப்பார்கள். தோளைப் பிடித்து அவளை இழுத்திருக்கலாம். கையைக் கூட நீட்டிவிட்டேன்.

அப்போது துணிக்குள் அவள் சிரித்தாள். எனக்காகவோ யாருக்காகவோ அல்ல, தனக்குத்தானே, குழந்தை மாதிரி. கல்யாணமானதிலிருந்து அவள் சிரித்து நான் கேட்டதில்லை. நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் முழங்காலைச் சொறிந்துகொண்டேன்.

"அசையுது" என்றாள். "கால வச்சிக் கண்ணத் தொடச்சிக்குது. ஐயோ, மழை பேஞ்ச மாதிரி துளியெல்லாம் உழுது! ரெக்கைய உதறுதுங்க, நடுங்குது, வேகமா, இன்னும் வேகமா... போச்சு!"

என் காதோரமாக ஏதோ சிறகடித்துக் கடந்தது.

துணியை விலக்கிக்கொண்டு எழுந்தாள். நெற்றிப் பொட்டு கலைந்து மூக்கெல்லாம் சேறு. "பாத்தீங்களா?" என்றாள், கண் விரிய.

"நீ கண்ணாடிய மறைச்சிகினு இருந்தியே, நான் எங்க பாக்கறது?"

"படம்?"

தகட்டுறையைத் தூக்கிக் காட்டினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

படம் எங்கே?

வீட்டு வாசலில் எல்லோரும் தயாராக இருந்தார்கள். மச்சான், மன்னிப்புக் கேட்க நேர்ந்தால் என்று, குளித்திருந்தார்.

"படம் எங்க?" என்றார் மாமனார்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பதிலை நான் சொல்லத் தொடங்குவதற்குள் தனம் என்னைத் தாண்டி முன்னால் வந்தாள்.

"படம் இல்ல நைனா. என்னாலதான். ஆனா நான் பாத்தேன்."

அப்புறம் சொன்னாள். நின்ற இடத்திலேயே, கையை விரித்து, விரலை இறக்கையாக்கி, கண்ணை உருட்டி, அது முகம் துடைத்ததை முகம் துடைத்துக் காட்டி, இறக்கை நடுங்கியதை உடம்பெல்லாம் நடுங்கிக் காட்டி. துளிக்குள் இருந்த பனைமரத்தைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அடுத்த வீட்டுக்காரி தண்ணீர்க் குடத்தோடு நின்று கேட்டாள். மாடுகூட அசைபோடுவதை நிறுத்தியதாக எனக்கு ஞாபகம். அது மிகையாக இருக்கலாம்.

அத்தைதான் முதலில் வாய் திறந்தார். "பொறந்ததுலேர்ந்து இவ இவ்ளோ பேசி நான் பாத்ததில்லடி அம்மா."

மாமனார் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ சொல்றது மெய்யா மாப்ள?"

"எனக்கெப்படித் தெரியும் மாமா? நான் பாக்கல" என்றேன்.

வாழ்க்கையில் நான் சொன்ன முட்டாள்தனமான பதில்களில் இதற்கு முதலிடம். ஆனால் மாமனார் அதைக் கேட்டுத்தான் சிரித்தார். சத்தமில்லாமல், தோள் குலுங்க. பொய்க்காரன் இப்படிப் பதில் சொல்லமாட்டான் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். இடுப்பிலிருந்து வெற்றிலைப் பையை எடுத்தார். எனக்கு மூச்சு வந்தது.

"அப்பிடின்னா நானும் பாக்கணும்" என்றார் மச்சான்.

வரப்பில் ஊர்வலம்

மறுநாள் காலை வயலுக்குக் குடும்பமே வந்தது. மாமனார் கம்பளியோடு. அத்தை சுக்குக் காப்பிச் செம்போடு. மச்சான், பழக்கதோஷத்தில், கம்போடு. பார்ப்பதற்குத் தீர்த்த யாத்திரை மாதிரி இருந்திருக்கும்.

இத்தனை கால்கள் மிதித்தால் எந்தப் பூச்சி உட்கார்ந்திருக்கும்? ஒன்றையும் காணோம். இரண்டு நத்தைகள் இருந்தன. மச்சானிடம் அவற்றைக் காட்டினேன். "இதுக்குத்தான் நான் கரும்புல கிழிபட்டேனா?" என்றார்.

மாமனார் மட்டும் விடவில்லை. வந்ததற்குப் பெட்டிக்குள் என்னதான் தெரிகிறது என்று பார்க்க வேண்டுமாம். கால்களை உயர்த்தி, துருத்தியைச் சுருக்கி, வயல் தெரியும்படி வைத்துக்கொடுத்தேன். துணிக்குள் தலையை விட்டார்.

"என் நெலம் இன்னாத்துக்குத் தொங்குது?"

"அப்படித்தான் தெரியும் மாமா."

மச்சான் குறுக்கே நடந்தார். வானத்தில் தலைகீழாக நடக்கும் மகனைப் பார்த்து, மாமனார் "ஏய், உழுந்துடாதடா!" என்று துணிக்குள்ளிருந்தே கத்தினார். பிறகு அவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. தான் உழுது விதைத்த நிலத்தை அந்தச் சின்னக் கண்ணாடியில் முழுசாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார். புழுக்கத்தால் வந்த வேர்வை என்றார். மார்கழிப் பனியில்.

"பூச்சிதான் இல்ல. எங்களயாவது எடுங்க மாப்ள. இவ்ளோ தூரம் வந்துட்டோம்."

வரப்பில் வரிசையாக நின்றார்கள். கம்பை மறைக்கச் சொன்னேன், மச்சான் மறுத்துவிட்டார். அத்தை செம்பை விடவில்லை. தனம் ஓரத்தில் நின்றாள். கடைசித் தகட்டைச் செருகினேன். "அசையாதீங்க" என்று சொல்லி, மூடியைத் திறந்து, எண்ணத் தொடங்கினேன்.

அன்று பகலில் நெல் அறையில் கழுவினேன். என் ஆயுளில் முதல்முறையாகத் தகட்டில் ஒரு படம் முழுசாக வந்தது. மாமனாரின் கம்பளி நுனிகளில் கோத்திருந்த பனிகூடத் தெரிந்தது. மச்சானின் கன்னத்துக் கீறல்கள், அத்தையின் செம்பில் பளிச்சென்ற வெளிச்சம், எல்லாம் கத்தியால் வெட்டினாற்போல விழுந்திருந்தன. ஓரத்தில் தனம் நின்ற இடத்தில் மட்டும் வெண்மையாக ஒரு புகை, பாதியில் குனிந்தாற்போல.

"அசையாதேன்னு சொன்னேனே" என்றேன்.

அவள் தகட்டை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்து, அந்தப் புகையை ஆசையோடு பார்த்தாள்.

"என் காலுகிட்ட ஒரு கும்பிடுபூச்சி இருந்திச்சி" என்றாள். "நீங்க எண்ணி முடிக்கறவரைக்கும் அது நிக்குமா இன்னா?"